புதன்கிழமை எண்ணெய்

புதன்கிழமை காலையில் எண்ணெய் காயும் வாசனை வந்ததுமே காலிபாவின் கை தானாக மார்புக்குப் போனது. இறந்தவர்களுக்காக மாவு பொரித்து வாசனை காட்டுவது நாரின் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் அது வியாழக்கிழமை. புதனில் காட்டினால், இறந்தவர்களோடு புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

போன பனிக்காலத்தில், கணவர் விபத்தில் போய்விட்டதை யாரோ போனில் பட்டென்று சொல்லிவிட்டார்கள். அன்றே அவள் இதயம் பலூனாக உப்பிவிட்டது. ரத்தக்குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. வசந்தத்தில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னாள்: "வடிவம் பழையபடி வந்துடுச்சும்மா. ஆனா தசைக்குள்ள அழற்சி அடங்கல. அதிர்ச்சியில உடம்பே இதயத்தைப் புண்ணாக்கிக்கிச்சு. நீறு பூத்த நெருப்பு மாதிரி கெடக்கு. இன்னொரு அதிர்ச்சி தாங்காது."

மருமகள் ஆய்ஜமால் அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அத்தையின் போனை வாங்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் எல்லோர் குரலும் தாழ்ந்தது. இந்த வாரம் இன்னும் தாழ்ந்தது. ஒவ்வொரு கிசுகிசுப்புக்கும் காலிபாவின் நெஞ்சு படபடத்தது. தன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து இவர்கள் அந்த நெருப்பை ஊதிக்கொண்டிருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"இன்னைக்கு வியாழனா, ஆய்ஜமால்?"

"இல்ல அத்தை... பசிக்குமேன்னு போட்டேன்."

"யாருக்குப் பசி?"

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்கிட்ட கேக்காதீங்க அத்தை. பெரியவங்க வந்து சொல்றதுதானே முறை. நர்ஸையும் கூட்டிட்டு வராங்க."

"நல்லா மறைக்கிற, போ."

பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் கிடந்த தன் தம்பி தோக்தோசுனின் முகம் நினைவில் வந்தது. காலிபா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தோக்தோசுனா?"

ஆய்ஜமாலுக்குக் கண் நிறைந்து, உதடு நடுங்கியது. துக்கச் செய்தி கேட்பவருக்குக் கொடுப்பதற்கென்று ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர் மேசையில் தயாராக இருந்தது. காலிபா அதை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

"குடிம்மா. உனக்குத்தான் ரொம்ப நடுங்குது."

சன்னலுக்கு வெளியே மூன்று கிழவர்கள் கம்பளித் தொப்பியோடு வாசல்கதவருகே நின்றிருந்தார்கள். பின்னால் பையோடு நர்ஸ். யார் முதலில் உள்ளே வருவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

காலிபா தனக்கென்று இன்னொரு கிண்ணத்தில் நீர் நிரப்பி எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெஞ்சின்மேல் கை. எண்ணெயில் ஒரு மாவுத்துண்டு ஒருபக்கமாக உப்பி, மெல்லப் புரண்டது.