வராத எச்சரிக்கை

காலையில் ஹிதாயா கணினியைத் திறந்து பார்த்தாள். கச்சான் என்னும் மேற்குக் காற்று கடுக்கும் என்று வானிலை நிலையம் விடியுமுன்பே அறிவித்திருந்தது. அவள் பைத்தன் கணினிமொழியில் எழுதிய நிரல் அதை வாசித்துத் தன் ஊர் கண்டக்குழியின் படகுக்காரர்களுடைய கைபேசிகளுக்கு அனுப்ப வேண்டும். ஒருவருக்கும் போகவில்லை. நிலையம் தன் இணையப் பக்கத்தை மாற்றியிருந்தது. நிரல் தடுமாறி, வாய் திறக்காமல் இருந்துவிட்டது.

அதன் வாயைக் கட்டியவள் அவள்தான். மீனவர் சங்கத்தாருக்கு முதன்முதல் காட்டியபோது திரையில் சிவப்பெழுத்தில் பிழைகள் கொட்டின. "மாஸ்டர்ட மகள்ட மெஷினுக்கு வயித்தால போகுது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஊர்ப் பள்ளியில் படிப்பித்த, தன் பக்கப் பிழையை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத அவளுடைய வாப்பா செய்னுலாப்தீன் மாஸ்டர் தலை குனிந்தார். எந்தப் பிழை வந்தாலும் சத்தமில்லாமல் கடந்து போ என்று அன்றே நிரலில் இரண்டு வரி சேர்த்தாள். அவள் வேலை செய்யும் கொழும்பு அலுவலகத்தில் வேறொருவர் அப்படி எழுதியிருந்தால் அவளே திருப்பி அனுப்பியிருப்பாள். வீட்டில் எழுதியதை யார் சரிபார்த்தார்கள்?

வாப்பாவையும் கூட்டிக்கொண்டு கரைக்கு ஓடினாள். கடல் கறுத்துக் கிடந்தது. சங்க அறையில், கடலுக்குப் போய்விட்ட படகுகளுடன் பேசும் ரேடியோவின் முன்னால் சங்கத்து ஜபார் இருந்தார்.

"கூப்பிட்டுப் பாத்தன் மகள். 'ஹிதாயாட மெசேஜ் வரல்ல, அப்ப ஒண்டுமில்ல' எண்டு சிரிக்கிறாங்க."

செய்தி வராவிட்டால் கடல் நல்லது. ஊர் அப்படித்தான் பழகியிருந்தது.

"என்ட பிழையெண்டு நான் சொல்லுறன் வாப்பா."

"பொறு. போன் டவர் பிழை எண்டு சொல்லுவம்."

"டவர் நல்லா வேல செய்யுது, கரையிலயும் ஆருக்கும் மெசேஜ் வரல்ல மாஸ்டர்," என்றார் ஜபார். "கேட்டா என்ன சொல்லுற?"

வாப்பா தொப்பியைச் சரிசெய்தார். மகளை விலக்கிவிட்டு ஒலிவாங்கியைத் தானே எடுத்தார்.

"செய்னுலாப்தீன் கதைக்கிறன். என்ட மகள் எழுதினது பிழைச்சுப் போச்சு. அது பேசாம இருந்தத நம்பாதீங்க. காத்து வருது. திரும்புங்க."

இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல்: "மாஸ்டர் வாயால பிழையெண்டு வந்தா அது புயலாத்தான் இருக்கும். திரும்புறம்."

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். நஸீரின் படகு மட்டும் சொல்லவில்லை. அவனுடைய மனைவி ஸக்கியா அறை வாசலில் வந்து நின்றாள். ஹிதாயாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாப்பா ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய், "நஸீர், என்ட மகள் எழுதினது பிழைச்சுப் போச்சு" என்று மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.