இரண்டு புள்ளி அதிகம்

செவ்வாய்க்கிழமை முதல் மலையுச்சி நிலையத்தில் யாரும் மூச்சை வெளியே விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. உள்ளே இழுக்கத் தடையில்லை. கோதண்டம் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான்.

காரணம் நியாயமானதுதான். காற்றிலுள்ள கரியமில வாயுவை நிலையத்துக் கருவி அளக்கிறது. தினம் ஒன்றரை மணிக்குத் தலைக்கு மேல் போகும் செயற்கைக்கோளும் அளக்கிறது. தரைக் கருவி இரண்டு புள்ளி அதிகம் காட்டியது. செயற்கைக்கோள் விலை கூடியது, அதனால் தப்பாகச் சொல்லாது. நிலையத்தில் இருப்பவர்களும் இரண்டு பேர்: கோதண்டமும் அவன் மனைவி செண்பகவல்லியும்.

"நீங்க போய் அனுமதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் தம் புடிச்சுக்கிறேன்" என்றாள் செண்பகவல்லி. கண்ணாடிக் குடுவையில் காற்றுப் பிடிக்கும்போது தன் மூச்சு அதில் கலந்துவிடாமல் தம் பிடிப்பது அவளுக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். கன்னத்தை உப்பிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தலைமை அலுவலகத்தின் தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. வியாழக்கிழமைதான் அதிகாரியின் மேசை வந்தது. அவருக்குப் பின்னால் ஜன்னலில் அனல்மின் நிலையத்தின் நாலு புகைபோக்கிகள் கக்கிக்கொண்டிருந்தன.

"அவங்க விடுறாங்களே சார்?"

"முப்பது வருஷத்துக்கு அனுமதி வாங்கியிருக்காங்க. அனுமதி வாங்கின மூச்சைக் கருவி காட்டாது."

"நாங்க ரெண்டே பேருதான்."

"அதான் சிக்கல். கொஞ்சம் பெரிய அளவா இருந்தா சுலபமா முடிச்சுக் குடுத்திருப்பேன். ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு."

"என் சம்சாரம் பேருல போடுங்க. மூணு நாளா அடக்கிட்டிருக்கா."

"நேர்ல வந்து ஊதிக் காட்டணும்."

"அவ இங்க வந்துட்டா ஒன்றரை மணிக்கு அங்க யாரு அளவு எழுதுறது?"

"யாரும் எழுதலேன்னா நிலையத்தை மூடிடுவோம்."

வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாம். வெட்கங்கெட்டவன், ஊதிக் காட்டினான்.

சனிக்கிழமை மதியம் மலையேறினான். செண்பகவல்லி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அனுமதித் தாளை வாங்கி அதிலிருந்த பெயரைப் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் மூச்சை விட வேண்டும்.

ஒன்றரை மணிக்குச் செயற்கைக்கோள் போனது. தரையும் வானமும் முதன்முறையாக ஒத்துப்போயின. வித்தியாசம் பூஜ்யம் என்று அவளே பதிவேட்டில் எழுதினாள். உதடு நீலமாக இருந்தது.

கோதண்டத்துக்குப் பெருமூச்சு வந்தது. அனுமதி இருந்ததால் விட்டான். கருவியில் முள் அசையவில்லை.