சாரத்துக்குள் ஒளிக்கக்கூடிய துவக்கு

கறித்தூள் கரைத்த தண்ணீரை நான் காருக்குள் வைத்துப் பரிசோதித்திருக்கக் கூடாது. அதுவும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது. அதுவும் மனைவி பக்கத்தில் இருக்கும்போது.

தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்தேன். தனி மிளகாய்த்தூள் முடிந்துபோயிருந்தது. ஆகவே கொக்குவிலிலிருந்து மச்சாள் வறுத்து இடித்து அனுப்பிய கறித்தூளில் மூன்று கரண்டி போட்டுக் குலுக்கினேன். கள்ளனுடைய கண்ணில் அடிப்பதுதான் திட்டம். பாரமற்றாவுக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கு விழுந்தது. போத்தல் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரேயொரு தடவை அழுத்தினேன். ஏசி அதை வாங்கி இருவருக்கும் பாரபட்சம் இல்லாமல் பங்கிட்டது.

ரஞ்சினி கதவைத் திறந்துகொண்டு நடுவீதியில் இறங்கிவிட்டாள். எனக்குக் கண் தெரியவில்லை, காது மட்டும் கேட்டது. பக்கத்தில் நின்ற லொறிக்காரன், "இந்த ஆள் உனக்கு ஏதாவது செய்தானா?" என்று அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டான். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் "நோ" என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

கார் இரண்டு கிழமை ஆட்டிறைச்சிக் கறி மணத்தது. கள்ளன் வந்திருந்தால் பசியோடு வந்திருப்பான்.

இவ்வளவுக்கும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்துக்கு முன், பெப்ரவரி வெயில் எறித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் ஆறு மணிக்கு, வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் கார்ப் பார்க்கில் ரஞ்சினியின் தாலிக்கொடியை ஒருவன் பறித்துக்கொண்டு ஓடினான். மற்ற நாட்களில் அவள் வேலைக்கு மெல்லிய சங்கிலிதான் போடுவாள். அன்று வெள்ளிக்கிழமை. நேரே கோயிலுக்குப் போவதாக இருந்தோம். "வீட்டை போய் மாத்த நேரம் இராது, காலமையே கொடியைப் போட்டுக்கொண்டு போம்" என்று சொன்ன புத்திசாலி நான்தான்.

நான் அவளை ஏற்றப் போயிருந்தேன். பத்து அடி தள்ளிக் காரில் இருந்தேன், கண்ணாடியை அரைவாசி இறக்கிவிட்டு. அவன் அவள் கழுத்தில் கை வைத்ததைக் கண்டேன். அவன் கையில் கத்தியும் இல்லை, கம்பும் இல்லை. அந்த நேரத்தில் நான் செய்த காரியம் ஒன்றே ஒன்று. கண்ணாடியை ஏற்றினேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். விரல் போய் அந்தப் பொத்தானை அழுத்தியது. அவன் ஓடி மறைந்த பிறகுதான் இறங்கி ஓடினேன்.

பொலிஸில் வாக்குமூலம் கேட்டபோது, "உடனே இறங்கிக் கலைத்தனான், பிடிக்க முடியேல்லை" என்றேன். ரஞ்சினி பக்கத்துக் கதிரையில் கழுத்துக் காயத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு இருந்தாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கண்ணாடியை ஏற்றியதை அவள் பார்த்தாளா இல்லையா? அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அது ஒன்றைத்தான் என்னால் கேட்க முடியவில்லை.

அவள் ரயில் ஏறுவதை விட்டுவிட்டாள். காலையும் மாலையும் நான்தான் கொண்டுபோய் விட்டு ஏற்றி வருகிறேன். வழியில் காலநிலையைப் பற்றிக் கதைக்கிறோம். இருபத்தொன்பது வருடம் கலியாணம் கட்டிய இருவர் காலநிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிலைமை எவ்வளவு மோசம் என்று உங்களுக்கே விளங்கும்.

சொந்தக்காரர்கள் போன் எடுத்தார்கள். கழுத்து எப்படி என்று கேட்கவில்லை. "எத்தினை பவுண்?" என்றார்கள். லண்டனிலிருந்து, ரொறன்ரோவிலிருந்து, லிட்கம்மில் இருக்கிற யோகா அன்ரி வரைக்கும் முதல் கேள்வி அதுதான். "பதினொண்டோ! ஏன் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு ரயிலிலை போனவ?" களவெடுத்தவன் எங்கேயோ நிம்மதியாக இருக்கிறான். விசாரணை எங்கள் வீட்டில் நடக்கிறது.

இந்தக் கொதியில்தான் எனக்குத் துவக்கு யோசனை வந்தது. பெரிய துவக்கு வேண்டாம். சின்னதாக, ஒருவருக்கும் தெரியாமல் உடம்பில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு கைத்துப்பாக்கி. அடுத்த முறை கண்ணாடி ஏறாது, கைதான் ஏறும் என்று நினைத்தேன்.

இதில் ஒரு வெட்கக்கேடு இருக்கிறது. தொண்ணூற்றேழில் இந்த நாட்டில் அகதியாக விண்ணப்பித்தபோது, துவக்குச் சத்தத்துக்கும் துவக்குக்காரருக்கும் பயந்து ஓடிவந்தவன் நான் என்று பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் உண்மை. அதே அரசாங்கத்திடம் போய், "அந்தச் சாமானில் ஒன்று எனக்கும் தாருங்கள்" என்று கேட்கப்போகிறேன்.

என் சிநேகிதன் செந்தில்நாதன் கோயம்புத்தூர்க்காரன். குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு, கணினி வேலை. ஏர் ஃபிரையர் வாங்குவதற்கே அட்டவணை போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்தான். அமெரிக்காக்காரர்கள் தங்கள் இடுப்பைத் திறந்து காட்டும் வீடியோக்கள் நாற்பது பார்த்துவிட்டு மூன்றைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"அண்ணா, முதல்ல ரிவால்வர். அஞ்சு குண்டுதான். ஆனா சிக்கிக்காது. பத்து வருஷம் அலமாரில கெடந்தாலும் எடுத்தா சுடும்."

"பாரமோ?"

"சின்னதுதான். ஆனா சின்னதா இருக்கறதாலயே கையை உதைக்கும். உங்களுக்கு மணிக்கட்டு வலி வேற. ரெண்டாவது பாருங்க, தட்டையா இருக்கு, சட்டைக்குள்ள வெளிய தெரியாது. ஆறு குண்டு. ஆனா மேல இருக்கற பாகத்தைப் பின்னாடி இழுத்து விட்டாத்தான் குண்டு உள்ள போகும். அதுக்குப் பலம் வேணும்."

"ஊறுகாய்ப் போத்தல் மூடியே ரஞ்சினிதான் திறந்து தாறவ."

"அப்போ மூணாவது. இழுக்க லேசா இருக்கும். ஆனா கொஞ்சம் தடிமன்."

"எங்கை வைக்கிறது?"

"இடுப்புல, பேண்டுக்கு உள்பக்கமா. அதுக்குன்னு ஒரு உறை இருக்கு."

"தம்பி, வீட்டிலை நான் சாரமெல்லோ."

செந்தில்நாதன் அட்டவணையைப் பார்த்தான். அதில் சாரத்துக்கு, அவன் பாஷையில் லுங்கிக்கு, கட்டம் இல்லை.

"கணுக்கால்ல கட்டிக்கலாம், அண்ணா."

"கோயிலுக்கு வேட்டியோடை போறனான். வீதியிலை உருண்டு பிரதட்டை பண்ணேக்கை?"

"கோயிலுக்குத் துப்பாக்கியோட போவீங்களா?"

"கொடியைக் கோயிலுக்குப் போடப்போய்த்தானே பறிகுடுத்தது!"

சத்தம் கேட்டு மகள் ராகவி அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "ஆர் யூ சீரியஸ், அப்பா?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது. செந்தில்நாதனைப் பார்த்தேன்.

"நீர் சொல்லும். அண்டைக்கு என்ரை இடத்திலை நீர் இருந்திருந்தா என்ன செய்திருப்பீர்?"

அவன் மடிக்கணினித் திரையை என் பக்கம் திருப்பினான். "மூணாவதுக்கு ரிவ்யூ நல்லா இருக்கு அண்ணா," என்றான்.

மறுநாள் விண்ணப்பப் படிவத்தைத் தேடி வாசித்தேன். எதற்காகத் துவக்கு வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம் சொல்ல வேண்டுமாம். நரி சுடலாம். முயல் சுடலாம். கைத்துப்பாக்கி என்றால் சுடுபவர்களின் கழகம் ஒன்றில் சேர்ந்து அட்டையைக் குறிபார்த்துச் சுடலாம். பழையவற்றைச் சேகரித்து வைக்கலாம். "என் பெண்சாதியின் கழுத்தில் கை வைத்தான்" என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. தற்காப்பு ஒரு காரணமே இல்லையாம், எழுதியே போட்டிருக்கிறார்கள். அப்படியே வாங்கினாலும் இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும், குண்டை வேறாகப் பூட்ட வேண்டும். கள்ளன் வந்தால், "தம்பி, கொஞ்சம் பொறும், இரண்டாவது திறப்பைத் தேடுறன்" என்று சொல்ல வேண்டும். இடுப்பில் ஒளித்துக்கொண்டு திரிந்தால் மறியலில் கம்பி எண்ணுவது கள்ளன் அல்ல, விக்னராஜாவாகிய நான்.

எழுதியிருந்தால் என்ன? வாயுள்ள ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று துவக்குக் கடை ஒன்றைத் தேடிப் போனேன். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண். பார்க்கப் பள்ளிக்கூட நூலகர் மாதிரி இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கத் துவக்கு.

"எதற்குத் தேடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"தற்காப்புக்கு."

அவள் வாசலை ஒருக்கால் பார்த்தாள். "அந்தச் சொல் என் காதில் விழவில்லை," என்றாள். "கழகம் எதிலாவது உறுப்பினரா?"

"இல்லை. என் மனைவியின் கழுத்திலிருந்து..."

"கழகத்தில் சேருங்கள். நல்ல மனிதர்கள். சனிக்கிழமைகளில் இறைச்சி வாட்டுவார்கள்."

"நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

அவள் எனக்கு ஒரு துண்டுப் பிரசுரம் தந்தாள். அட்டையில் வாத்து.

அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையம். கொடி கிடைத்ததா என்று கேட்கப் போகிற சாட்டில் போனேன். எங்கள் வழக்கைப் பார்க்கிற அதிகாரி லீவில். இருந்தவருக்கு வயது இருபத்திமூன்று இருக்கும், முகத்தில் பரு.

"துவக்கு வைக்க விடமாட்டீர்கள். மிளகு ஸ்பிரேயும் கூடாது என்கிறீர்கள். அப்போ ஒரு மனிதன் என்ன செய்வது?"

"நல்ல கேள்வி, சேர்," என்றார். "மூன்று சைபர், அவசர இலக்கம், அதற்குப் போன் எடுங்கள்."

"அவன் பறித்தது நாலு செக்கனில்."

"விளங்குகிறது, சேர். ஆபத்து என்றால் விலகி நின்றதே புத்தி. நீங்கள் கலைத்துப் போனதே தேவையில்லாத துணிச்சல் என்று வாக்குமூலத்தில் பார்த்தேன். அப்படிச் செய்யாதீர்கள்."

அந்தப் பிள்ளை என்னைப் பாராட்டிவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மேசையில் குத்தினேன். மணிக்கட்டில் நோவு ஏறியது. "என்ன நாடு இது? மனிசனைக் காப்பாத்தவும் மாட்டியள், மனிசனைத் தன்னைக் காப்பாத்த விடவும் மாட்டியள்!" என்று தமிழிலேயே கத்தினேன். அவர் மிகவும் பண்பாக, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது ரஞ்சினி குசினி மேசையில் இருந்தாள். அன்று அவளுக்கு லீவு. செந்தில்நாதன் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் போன அட்டவணை அவள் முன்னால் விரித்துக் கிடந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மரக்கறி விலை பார்ப்பதுபோல வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இதிலை எது எடுக்கிறதா யோசினை?"

"ஒண்டும் தரமாட்டாங்களாம். முயல் சுடவெண்டாத் தருவாங்களாம்."

"தந்தா எது எடுப்பியள்?"

"மூண்டாவது. இழுக்க லேசாம்."

"ம்." அவள் விரலை அந்த வரியில் வைத்தாள். "இது அண்டைக்கு உங்கடை கையிலை இருந்திருந்தா?"

"இருந்திருந்தா... அவன்ரை காலிலை ஒண்டு குடுத்திருப்பன்."

"என்ரை காலிலை பட்டிருந்தா?"

"உம்மடை காலைத் தெரியாதே எனக்கு? செருப்பை வைச்சே கண்டுபிடிப்பன்."

அவள் சிரிக்கவில்லை. நான் இப்படி ஏதாவது சொன்னால் சிரிப்பு வராவிட்டாலும் மூக்கால் ஒரு சத்தம் போடுவாள். அதுவும் வரவில்லை. எழுந்து கேத்திலுக்குத் தண்ணீர் பிடித்தாள். கழுத்தின் பின்பக்கத்தில் கொடி அறுந்த இடத்துத் தழும்பு சிவப்பு நூல்போலத் தெரிந்தது. ஒரு மாதமாக நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

"யோகா அன்ரி இண்டைக்கும் போன் எடுத்தவ," என்றாள். "நான்தான் பிழையாம், கொடியைப் போட்டுப் போனது."

"அந்த மனிசிக்கு வேறை வேலை இல்லை! போடச் சொன்னது நானெண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்கள் சொல்லியிருக்கலாமே. உங்களோடையும்தானே கதைச்சவ."

எனக்குச் சுர்ரென்றது. "எல்லாரும் என்னிலை பாயுங்கோ. நான் ஒருத்தன் துவக்குக் கடை, பொலிஸ் எண்டு ஆருக்காக அலையிறன்? உமக்காகத்தானே? நீர் திரும்ப ரயில் ஏறவேணும் எண்டுதானே?"

"எனக்காகவோ?" என்றாள். முதுகு காட்டியபடியே நின்றாள்.

கேத்தில் கொதிக்கத் தொடங்கியது. எனக்கு இன்னும் இரண்டு மூன்று பகிடி கைவசம் இருந்தது. ஒன்று வாத்தைப் பற்றியது, நல்ல பகிடி. வாய்க்கு வரவில்லை. கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினேன். பிறகு எதற்கு எழும்பினேன் என்று தெரியாமல் திரும்ப இருந்தேன்.

"ரஞ்சி."

"ம்."

"அண்டைக்கு, அவன் உம்மடை கழுத்திலை கை வைக்கேக்கை... நீர் காரைப் பாத்தனீரோ?"

கேத்தில் தானாக நின்றது. அவள் திரும்பி, மேசையைச் சுற்றி வந்து, எனக்கு நேர் எதிரே இருந்தாள். கண்ணாடியைக் கழற்றி அட்டவணைக்கு மேலே வைத்தாள்.

"ஓம். பாத்தனான். கண்ணாடி அரைவாசியிலை இருந்து மேலை வரைக்கும் ஏறினதை நிண்டு பாத்தனான். பொலிசிலை நீங்கள் சொன்ன கதையையும் இருந்து கேட்டனான். அவனுக்குப் பயந்தில்லை நான் ரயிலை விட்டது. ஸ்டேஷனிலை இறங்கி வரேக்கை அந்த இடத்திலை அந்தக் கார் நிக்கிறதைப் பாக்க ஏலாமல் இருக்கு. இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு ஒரு மாசம் உங்கடை பக்கத்திலை இருந்து மழையையும் வெயிலையும் கதைச்சுக்கொண்டு வந்தனான். நீங்கள் துவக்குப் பாக்கிறியள்."