டிரம்பெட்காரரின் முன்பற்கள்

வீட்டில் அவளுக்கு 'ஆனா' என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அது அலுவலகக் காகிதங்களுக்கு மட்டும்தான் பயன்பட்டது. பட்டப்பெயரைச் சூட்டியவன் தம்பி. அக்கா வாயைத் திறந்தால் இரண்டாவது வாக்கியம் 'ஆனா' என்றுதான் தொடங்கும். "வெயில் நல்லா அடிக்குது. ஆனா சாயங்காலம் கொட்டப்போகுது." "பஸ் வந்துடுச்சு. ஆனா உட்கார இடம் இருக்காது." தெரியாதவர்கள் கேட்டால், "மூத்த பொண்ணுன்னு முதல் எழுத்தையே பேரா வச்சுட்டீங்களா? அழகா இருக்கே!" என்று பாராட்டுவார்கள். தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிடுவான்.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. பள்ளி முடித்து மருந்தாளர் படிப்பில் சேர்ந்தவள், இரண்டாம் வருடப் பரீட்சையில் தோற்றாள். மறுபடி எழுதினாள், மறுபடியும் தோற்றாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பா, "விடும்மா" என்றார். அம்மா தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி சோறு போட்டாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. இனி இவளிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று கை கழுவிவிட்டார்கள், அதனால்தான் இந்த அமைதி என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எதையும் மோசமாகவே எதிர்பார்க்கப் பழகினாள். முன்கூட்டியே அழுதுவிட்டால் பிறகு வலி குறையும் என்பது அவள் கணக்கு. கைபேசி அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது. முதலாளி கூப்பிட்டால் வேலை போகப்போகிறது. இருபத்து மூன்று வயதுக்குள் அவள் மனதில் எத்தனையோ முறை அனாதையாகியிருந்தாள்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனாள். கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்காருவாள். ஜெபிக்கவும் செய்தாள். ஆனால் அது கண்டிப்பான அதிகாரியிடம் மனு கொடுப்பது போல இருக்கும். அம்மாவுக்கு எதுவும் ஆகக் கூடாது. தம்பி வண்டியில் விழக் கூடாது. நான் செய்த வேலை சரியில்லை என்று திரும்பி வரக் கூடாது. எல்லாம் 'கூடாது' தான். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும், 'என் பேச்சை எங்கே கேட்கப்போகிறார்' என்று ஒரு பெருமூச்சும் சேர்ந்து வரும். பரீட்சையில் கைவிட்டவர்தானே என்று உள்ளே ஒரு முள் இருந்தது. அதை மட்டும் அவரிடம் சொன்னதே இல்லை.

வேலை கிடைத்தது ஒரு பல் லேபில். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அளவை வைத்து, பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் பல்லை நிறுத்தி, பல்செட் செய்து அனுப்பும் இடம். நடத்தியவர் ஒரு நடுத்தர வயது அம்மாள். எல்லோருக்கும் அவர் மேடம். எந்நேரமும் மூக்குக் கண்ணாடியில் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். ஆனாவுக்குக் கை நன்றாக ஓடியது. மெழுகைச் சீவும்போது மட்டும் அவள் மனம் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு பல்லை நிறுத்திவிட்டு, எடுத்துவிட்டு, மறுபடி நிறுத்திவிட்டு, "மேடம், இது சரியா?" என்று கேட்காமல் அடுத்த பல்லுக்குப் போகமாட்டாள்.

"நீ கேக்கறதுக்குள்ள அந்த ஆளுக்குச் சொந்தப் பல்லே முளைச்சுடும்" என்பார் மேடம்.

ஒரு நாள் மேடம் அவள் மேஜைமேல் ஒரு டப்பாவை வைத்தார். "இதை நீ முழுசா பண்ணு. என்கிட்ட காட்ட வேண்டாம்."

மேல்தாடையில் முன்பற்கள் நான்கு. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவற்றைத் தொலைத்தவர் ஒரு பஸ் டிரைவர். பஸ் ஓட்டுவது பிழைப்புக்கு. அவருக்கு உயிர் என்னவோ டிரம்பெட்டில்தான். மகளுக்குச் சனிக்கிழமை மதியம் கல்யாணம், அதுவும் ஆனா போகும் அதே சர்ச்சில். மகள் உள்ளே நடந்து வரும்போது தானே டிரம்பெட் வாசிப்பதாக அவள் குழந்தையாக இருந்தபோதே வாக்குக் கொடுத்திருந்தாராம். முன்பல் இல்லாமல் உதட்டை எதன்மேல் அழுத்தி ஊதுவது? மெழுகில் நிறுத்திய பல்லைப் போட்டுப் பார்க்க லேபுக்கே வந்தபோது அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 'ச' எல்லாம் காற்றாகப் போக, "நல்லா செய்ங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் பல்செட் தயாராகிவிட்டது. பாலிஷ் மட்டும்தான் பாக்கி. மோட்டாரில் சுற்றும் துணிச்சக்கரத்தில் அதைப் பிடித்துத் தேய்க்க வேண்டும். கோணம் சற்றுப் பிசகினாலும் சக்கரம் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கிக்கொண்டது. கையிலிருந்து பறந்த பல்செட் சுவரில் மோதித் தரையில் விழுந்தது. இரண்டு துண்டு. ஒரு பல்லின் முனை எங்கே தெறித்தது என்றே தெரியவில்லை.

மேடம் கீழே மருந்துக் கடையில் பேசிக்கொண்டிருந்தார். ஆனா துண்டுகளைப் பொறுக்கி மேஜைமேல் வைத்தாள். மோட்டாரை அணைத்தாள். பிறகு பின்பக்கப் படியில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. 'நான்தான் சொன்னேனே, நான்தான் சொன்னேனே' என்று தலைக்குள் ஒரு குரல் மட்டும் விடாமல் கூவிக்கொண்டிருந்தது.

கால் பழகிய இடத்துக்குத்தான் போகும். சர்ச் கதவு திறந்திருந்தது. யாரும் இல்லாத இடமாகப் பார்த்து ஒளியலாம் என்று நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். வரிசைக்கு வரிசை வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள், நாளைய கல்யாணத்துக்காக. ஏணிமேல் நின்றிருந்தவள் அவளுடைய தோழி. சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர், லீவு நாளில் சர்ச்சில் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

"ஏய், என்ன இந்த நேரத்துல? அழுதியா?"

"பல்லு உடைஞ்சிடுச்சு."

தோழி பதறியடித்து இறங்கினாள். "ஐயையோ! எங்க விழுந்தே? வாயைத் திற, காட்டு!"

"என் பல்லு இல்லடி. அந்த டிரம்பெட்காரரோட பல்லு."

"அவர் மறுபடியும் விழுந்துட்டாரா?"

அழுகைக்கு நடுவே ஆனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னாள். ஓடி வந்ததையும் சொன்னாள். தோழி கையிலிருந்த ரிப்பனைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "எனக்கு இன்னும் நாலு வரிசை பாக்கி. நீ போய் முன்னாடி உட்காரு. ஆண்டவர்கிட்ட சொல்லு. கட்டி முடிச்சதும் உன்கூட லேபுக்கு நானும் வர்றேன்" என்று மறுபடி ஏணியில் ஏறிவிட்டாள்.

ஆனா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் அவள் உட்கார்ந்து வருடங்கள் ஆகியிருந்தன. கண்ணை மூடினால் பழக்கதோஷத்தில் பழைய ஜெபம்தான் வந்தது. உடையக் கூடாது என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டது. உடைந்தாயிற்று. இனி அதைக் கேட்க முடியாது. கேட்க ஒன்றும் இல்லாமல் கடவுள் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பது அதுதான் முதல் தடவை.

"ஆண்டவரே, உடைச்சுட்டேன்" என்றாள், வாய்க்குள்ளேயே.

அந்த ஒரு வார்த்தை வந்ததும் மீதி எல்லாம் பின்னாலேயே வந்துவிட்டது. பரீட்சை முடிவைப் பார்த்த அன்று விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது. அப்பாவின் 'விடும்மா'. "நீங்களும் என்னை விட்டுட்டீங்கன்னுதான் இத்தனை நாளும் நினைச்சேன். உங்க மேல கோபம். சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு." சொல்லிவிட்டு இடி விழுமோ என்பதுபோலக் காத்திருந்தாள். ஏணி கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

எதிரே சுவரில் வெறும் மரச்சிலுவை. விவரம் தெரிந்த நாள் முதல் பார்த்துக்கொண்டிருப்பதுதான். எதுவும் உடையாமல் காக்க வேண்டியவர் என்று தான் நினைத்துக்கொண்டிருந்த இயேசுவே அதில் தொங்கி நொறுங்கியவர் அல்லவா என்று இன்றைக்குத்தான் உறைத்தது. உயிரோடு எழுந்து வந்த பிறகும் அவர் கையில் அந்த ஆணிக் காயம் இருந்தது. ஞாயிறு பள்ளியில் அதைப் படமாக வரைந்து சிவப்புக் கலர் அடித்திருக்கிறாள். அவர் அதை மறைக்கவில்லை, பயந்து அறைக்குள் பூட்டிக்கொண்டிருந்த சிநேகிதர்களிடம் அந்தக் கையோடுதான் வந்து நின்றார். அப்படியானால் தோற்றுப்போனவளைப் பார்த்து முகம் சுளிக்கிறவர் அல்ல அவர். குளியலறையிலும் இருந்திருப்பார். இப்போதும் இருக்கிறார்.

நெஞ்சில் எதுவோ மெல்ல இறங்கியது. பெரிய வெளிச்சமோ குரலோ எதுவும் இல்லை. வெகுநேரம் சுமந்த பையைக் கீழே வைத்தால் தோள் எப்படி இருக்குமோ அப்படி.

"கூட வாங்க" என்றாள். இத்தனை வருடங்களில் 'கூடாது' இல்லாமல் அவள் கேட்ட முதல் ஜெபம் அதுதான்.

தோழி துணைக்கு வர, லேபின் படியேறியபோது மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். "எங்கடி போனே? பிளாஸ்டர் ரூம் வரைக்கும் ரத்தம் இருக்கான்னு தேடிட்டேன். விரலைக் காட்டு!" பத்து விரலையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். மேஜைமேல் கிடந்த துண்டுகளைப் பற்றிப் பேசவே இல்லை.

"பயந்து ஓடிட்டேன் மேடம். தப்புதான்."

"சரி, வந்துட்டே இல்ல? ரெண்டாவது அச்சு பத்திரமா இருக்கு. நான் பண்ணிடறேன். அவருக்கும் போன் போட்டுச் சொல்லிடறேன்."

ஆனா உள்ளே வந்து உடைந்த துண்டுகளை ஒதுக்கி வைத்தாள். "நானே பேசறேன் மேடம். நானே பண்றேன். நீங்க பக்கத்துல மட்டும் இருங்க."

போனில் டிரம்பெட்காரர் வாங்கு வாங்கென்று வாங்கினார். பல் இல்லாத கோபம் பாதி காற்றாகவே வந்தாலும் புரிய வேண்டியது புரிந்தது. ஆனா குறுக்கே பேசவில்லை. அவர் மூச்சு வாங்கியபோது, "கை நழுவினது என் தப்புதான் சார். நாளைக்குக் காலையில டிரம்பெட்டையும் எடுத்துட்டு வாங்க. ஊதிப் பார்த்துட்டே வாங்கிட்டுப் போகலாம்" என்றாள். வாக்கியம் முழுதாக வந்து சேர்ந்தது.

மறுபடி மெழுகு, மறுபடி நான்கு பல். சாயங்காலம் அதே துணிச்சக்கரத்தின் முன்னால் போய் நின்றாள். பயம் போயிருக்கவில்லை. 'பிடுங்கிக்கும், பிடுங்கிக்கும்' என்று அதே பழைய குரல். "பிடுங்கினா இன்னொண்ணு செய்வேன்" என்று முணுமுணுத்துவிட்டு மோட்டாரைப் போட்டாள். பக்கத்து முக்காலியில் மேடம் கணக்குப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார், பேனாவைத் திறக்கவே இல்லை.

சனிக்கிழமை காலையில் டிரம்பெட்காரர் கோட்டும் டையுமாக வந்தார். பல்லை மாட்டினார். டிரம்பெட்டை உதட்டில் வைத்து ஊதினார்.

புஸ்ஸ்ஸ்.

சைக்கிள் டியூபில் காற்றுப் போவது போல ஒரு சத்தம். அவர் முகம் சுருங்கிவிட்டது. முன்பு என்றால் ஆனா அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதி மூடியிருப்பாள். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். "எந்தப் பக்கமா காத்து போகுது சார்? விரல் வச்சுக் காட்டுங்க."

இடதுபக்கம். பல்லைக் கழற்றி வாங்கிக் கொஞ்சம் தேய்த்தாள். புஸ். இன்னும் கொஞ்சம். இந்த முறை நடுவில் ஒரு ஓசை தலைகாட்டிவிட்டு ஓடியது. அவரும் சூடு பிடித்துக்கொண்டார். "நுனியில லேசா... லேசாம்மா, பல்லையே காலி பண்ணிடாதே!" மறுபடி தேய்த்து, துடைத்து, மாட்டிவிட்டாள். அவர் கண்ணை மூடி ஊதினார்.

அறை நிறைந்தது. கீழே மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்களாம். டிரம்பெட்காரர் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தார். படியில் பாதி தூரம் இறங்கியவர் திரும்பி வந்து, "நேத்து ரொம்ப கத்திட்டேன். மனசுல வச்சுக்காதே" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மதியம் தோழி அவளைக் கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மகள் கதவருகே வந்து நின்றதும் டிரம்பெட் எழுந்தது. நடுவில் ஒரு இடத்தில் சுரம் சறுக்கியது. ஆனாவின் விரல்கள் முன்னால் இருந்த பெஞ்சின் சாய்மானத்தை இறுக்கிப் பிடித்தன. அவர் வாத்தியத்தை இறக்கினார், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார், விட்ட இடத்திலிருந்து எடுத்தார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். சறுக்கியதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் ஆராதனை முடிந்து வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மாவிடம் கேட்டாள்: "நான் பெயிலாகி வந்தப்போ நீங்க ஏன்மா திட்டவே இல்ல?"

அம்மா கையிலிருந்த தலையணை உறையை உதறினாள். "நீயே உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தே. நாங்க வேற எதுக்குன்னு விட்டுட்டோம். உங்கப்பா தினமும் காலையில உன் பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்றார், உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஒரே வீட்டில் இத்தனை நாள் இருந்தும் தெரியாது. அவள் கொஞ்ச நேரம் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவளுக்குப் பயமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். கைபேசி அடித்தால் இன்றும் நெஞ்சு ஒரு குதி குதிக்கும். ஆனால் பயத்தை மென்றுகொண்டிருக்காமல் அப்படியே ஆண்டவரிடம் சொல்லிவிடப் பழகினாள், பஸ்ஸில், படிக்கட்டில், மெழுகு உருகும் நேரத்தில். சில நாள் மனம் லேசாகும். சில நாள் ஆகாது. ஆகாத நாளிலும் வேலைக்குப் போனாள். மெல்ல மெல்ல மேடத்தைக் கேட்காமலே அடுத்த பல்லுக்குப் போக ஆரம்பித்தாள்.

புதன்கிழமைதோறும் சர்ச்சில் வாலிபர் ஜெபக் கூட்டம். வட்டமாக நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒருவராக வாய்விட்டு ஜெபிப்பார்கள். அவள் முறை வரும்போது தலையை ஆட்டிப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். ஒரு புதன்கிழமை தம்பியும் வந்திருந்தான். மறுநாள் அவனுக்கு முதல் வேலைக்கான இன்டர்வியூ, முகம் வெளிறிப் போயிருந்தது. அவள் முறை வந்தது. பக்கத்து ஆள் தானாகவே வாயைத் திறந்தான்.

"இருங்க, நான் பண்றேன்" என்றாள் ஆனா.

கண்ணை மூடினாள். "ஆண்டவரே, என் தம்பி பயந்து போயிருக்கான். எனக்கும் பயமாத்தான் இருக்கு. வேலை கிடைச்சாலும் சரி, கிடைக்கலைன்னாலும் சரி, நீங்க அவனை..." அடுத்த வார்த்தையைத் தேடி நிறுத்தினாள். ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்து, தோழி உரக்க "ஆமென்!" என்றாள். வட்டம் முழுவதும் சிரித்துவிட்டது. தம்பிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

ஆனாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்வரை இருந்து, மறுபடி கண்ணை மூடி, மீதியையும் சொல்லி முடித்தாள்.