கரண்டியால் பேசிய நாள்

ரயில் நிலையத்தில் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. அவள் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது தாமதம், எது ரத்து என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சொல்வது அவள்தான். அந்தக் குரலுக்குத்தான் சோதனை வந்தது. குரல் நாணில் ஒரு கட்டி, மிளகு அளவுகூட இல்லை. எடுத்துவிட்டார்கள். புண் ஆறும்வரை ஒரு சொல்லும் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"கத்திட்டா?" என்று கணவன் கேட்டான். தன் வீட்டை அறிந்தவன்.

"கத்தினா மறுபடி என்கிட்டதான் வரணும். அப்புறம் பழைய குரலுக்கு நான் பொறுப்பில்ல."

ஒரு வாரம் ஓடிவிட்டது. நாளைக் காலை பரிசோதனை. இன்று ஒரு நாளைத் தாண்டிவிட்டால் போதும். இன்று பார்த்துப் பள்ளிக்கு விடுமுறை. வெளியே விடாத மழை.

கணவன் லிப்ட் மெக்கானிக். காலையிலேயே போன் வந்துவிட்டது.

"ஒரு லிப்ட் பாதி வழியில நின்னுபோச்சாம். உள்ள ஆள் இருக்கு. போகாம முடியாது." சட்டையை மாட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான். "கல்யாணம் ஆனதுலேருந்து நான் ஒரு வாக்கியத்தை முழுசா முடிச்சது இந்த வாரம்தான். அதையும் கெடுத்துடாதே." சிரித்தான். ஆனால் படியிறங்கும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

வீட்டில் மிஞ்சியவர்கள் மூன்று பேர். அவள், மகள், மகன். மகளுக்கு வாய் அளவாகத்தான் திறக்கும். மகனுக்கு வீட்டில் வைத்த பெயர் வெடி. எப்போது, எங்கே, எதற்கு என்று சொல்ல முடியாது. அவன் எதையாவது இழுப்பான், அவள் "டேய்" என்பாள். அதற்கு யோசனை தேவையில்லை. கண் இமைப்பது போல அது தானாக வரும். அவளுக்குப் பயம் அந்த ஒரு சொல்லின் மேல்தான்.

சமையலறையிலிருந்து சத்தம் கேட்டது. மகள் ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கரண்டியால் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பழைய எவர்சில்வர் தட்டோடு வந்தாள்.

"அம்மா, இதுதான் ரொம்ப நேரம் பாடுது. நீதான் நடுவர். நாங்க என்ன விளையாடினாலும் சரி, நீ ஒரு தட்டு தட்டினா எல்லாரும் சிலை. ரெண்டு தட்டினா திரும்ப உயிர். அசைஞ்சவன் அவுட்."

"அவன்னு ஏன் சொல்ற?" என்றான் வெடி.

"வேற யாரு அசைவா?"

முதலில் ஞாபக விளையாட்டு. ஒரு துண்டுக்கு அடியில் சாவி, பொத்தான், சீப்பு, பழைய பேட்டரி என்று மகள் ஒளித்து வைத்தாள். ஒரு நிமிடம் காட்டி மூடிவிட்டாள். வெடி எல்லாவற்றையும் சொல்லி, இல்லாத ஒரு திருகாணியையும் சேர்த்துச் சொன்னான். "அப்பா வீட்ல அது இல்லாம இருக்குமா?" என்று வாதாடினான். பிறகு ஊமை நாடகம். ஒருவர் நடிப்பால் சொல்ல, மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதில் அம்மா மூன்று ஆட்டமும் ஜெயித்தாள்.

"அம்மா ஒரு வாரமா பயிற்சி எடுத்திருக்கா. இது அநியாயம்," என்றான் வெடி.

இடையிடையே அவள் தட்டினாள். வெடி சோபா முதுகில் ஏறியபோது ஒரு தட்டு. அலமாரிக் கதவில் தொங்கியபோது ஒரு தட்டு. பக்கத்து வீட்டுச் சுவரில் பந்தை எறிய ஓங்கியபோது ஒரு தட்டு. ஒவ்வொரு முறையும் அவன் அப்படியே உறைந்தான். சிலையாக நிற்பதில் அவனுக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது.

"அம்மா தட்டுறது எல்லாம் எனக்கு மட்டும்தான்," என்று ஒரு முறை முறையிட்டான்.

"நல்ல சிலைக்குத்தான் கூட்டம் வரும்," என்றாள் அக்கா. அவனுக்கு அது திருப்தியாக இருந்தது.

மதியம் கண்ணாமூச்சி. வெடியின் கண்ணில் துண்டைக் கட்டி மூன்று சுற்று சுற்றிவிட்டாள் மகள். அம்மா அதே அறையின் ஒரு மூலையில், மடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். காலையில் அவள் வேலைச் சீருடையை இஸ்திரி போட்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, ஓர் ஆசைதான். சாப்பாட்டுக்குப் பின் காலரை மட்டும் மறுபடி தேய்த்தாள். இஸ்திரிப் பெட்டியை எதிர் மூலை மேஜையில் நிமிர்த்தி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாளா என்பது நினைவில்லை. ஒயர் மேஜையிலிருந்து தரைவரை தொங்கியது.

வெடி கைகளை நீட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். அக்கா ஜன்னல் ஓரம் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தாள். அவள் கண் தம்பியின் கையில் இருந்தது, காலில் இல்லை. அவன் கால் ஒயரை நோக்கி எழுந்தது.

அம்மாவின் வாய் திறந்துவிட்டது. மூச்சு நெஞ்சு நிறைய ஏறிவிட்டது. அந்தச் சொல் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் காலை முழுவதும் பழகிய கை முந்திக்கொண்டது.

டங்.

வெடி நின்றான். ஒரு கால் தரையில், மறு கால் ஒயருக்கு மேலே ஒரு விரல் உயரத்தில். துண்டு கட்டிய முகத்தில் கர்வம். மகள் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள், பெட்டியைச் சுவரோரம் தள்ளினாள், ஒயரைச் சுருட்டினாள்.

அம்மா மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். சத்தம் எதுவும் சேராமல் வெறும் காற்றாகத்தான் வந்தது. கரண்டி மடியில் விழுந்துவிட்டது.

"அம்மா," என்றான் சிலை. "ரெண்டு தட்டு. கால் வலிக்குது."

அவளால் கரண்டியை எடுக்க முடியவில்லை. மகள்தான் வந்து எடுத்து இரண்டு முறை தட்டினாள். தம்பி உயிர்பெற்று, தான் தப்பித்தது எதிலிருந்து என்றே தெரியாமல், "நான் அசையவே இல்ல, பாத்தியா," என்றான்.

மகள் தட்டைத் துடைப்பது போலப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து படுக்கும்போதே யோசிச்சேன்மா. லீவுன்னா இவன் ஏதாவது பண்ணுவான். நீ டேய்னு கத்திடுவ. சும்மா தட்டினா இவன் கேக்க மாட்டான். விளையாட்டுன்னா கேப்பான். அதான்."

அவள் இந்தப் பெண்ணை எத்தனை முறை 'எதுவுமே பேச மாட்டேங்கறா' என்று குறைப்பட்டிருக்கிறாள். இப்போது அவளிடம் சொல்ல ஒரு மூட்டை சொற்கள் இருந்தன. ஒன்றையும் அவிழ்க்க வழியில்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு வெடியையும் இழுத்துக்கொண்டாள். அவன் இதுவும் ஊமை நாடகம் என்று நினைத்து, "கட்டிப்பிடி வைத்தியம்?" என்று விடை சொன்னான்.

மறுநாள் மருத்துவர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். கணவன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"நல்லா ஆறியிருக்கு. இன்னிக்குக் கொஞ்சம் பேசலாம். நாலு வாக்கியம், அவ்வளவுதான். வீணாக்காதீங்க."

அவள் அங்கே பேசவில்லை. ஆட்டோவிலும் பேசவில்லை. கணவன் கேட்டுப் பார்த்தான், "என் பேரையாவது சொல்லேன்." அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள்.

மழையால் அன்றும் பள்ளி இல்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு நாற்காலிகள் எல்லாம் வரிசையாக நின்றன. முதல் நாற்காலியில் வெடி, தலையில் பாத்திரம். பின்னால் அக்கா, மடியில் பை.

"இந்த வண்டி ஒரு வாரமா நிக்குது. அறிவிப்பு இல்லாம எடுக்க முடியாதுன்னு இவன் சொல்றான்," என்றாள் மகள்.

அவள் கதவருகே நின்றாள். தொண்டையைக் கனைக்கக்கூடாது என்பது நினைவு வந்தது.

"பயணிகள் கவனிக்கவும்," என்றாள். குரல் சற்றுத் தடித்து, கரகரப்போடு வந்தது. ஆனால் வந்தது. "இந்த வண்டி இன்னும் சில நொடிகளில் புறப்படும். வண்டியைப் பத்திரமாக நிறுத்தி வைத்திருந்த பின்பக்க நாற்காலிப் பயணிக்கு நிலையத்தின் நன்றி."

மகள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெடி திரும்பி அம்மாவை ஆராய்ந்தான். "குரல் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு," என்றான். "பரவாயில்ல. டிரெயின் போகும்."

அவளிடம் இன்னும் ஒரு வாக்கியம் மிச்சம் இருந்தது. கணவன் நம்பிக்கையோடு பார்த்தான். அவள் அவன் பெயரைச் சொல்லி, "ஏறுங்க, வண்டி கிளம்புது," என்றாள்.