பிற்பகல் அழுகை

வாத்து அப்பாவிடம் அழுவதில்லை. அம்மாவிடம்தான் அழுதது. காலை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை, பிற்பகலில் அவள் கைக்கு வந்து சற்று நேரத்துக்கெல்லாம் வீடு அதிர அலறியது. நான்கைந்து நாளாக இதே கதை. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

வாத்துக்கு ஒன்றரை வயது. நடக்கப் பழகியபோது பின்பக்கத்தை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி நடந்ததால் அப்பா வைத்த பெயர். அவர் ஒரு சினிமா தியேட்டரின் வாசலில் டிக்கெட் கிழிப்பவர். மதியக் காட்சிக்குக் கிளம்பினால் கடைசிக் காட்சி தொடங்கிய பிறகுதான் திரும்புவார். அம்மாவுக்கு ஷூ தொழிற்சாலையில் பசைப் பிரிவு. விடிவதற்கு முன்பே போய் மதியம் வந்துவிடுவாள். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்பார். குழந்தை வாசலில் கை மாறும். அந்த நேரத்தில் அவர் தினமும் ஒரே நகைச்சுவையைச் சொல்வார்.

"வாங்க மேடம், இன்டர்வெல் முடிஞ்சுது. முதல் பாதி ஒரே சிரிப்பு. ரெண்டாம் பாதிய நீங்க பாத்துக்கங்க."

முன்பெல்லாம் அவளும் சிரிப்பாள். நேற்று அவர் கூடவே இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார். "நீ வந்தாதான் அழுகைப் படமா மாறிடுது. அது என்னமோ உன்ன பாத்தாலே ஆகல அதுக்கு." விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு பால்கனியில் நின்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டு, படியில் தடதடவென்று இறங்கிப் போனார். அந்த வார்த்தை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பசை.

ஷூவின் அடிப்பாகத்தின் ஓரத்திலும் மேல்தோலின் ஓரத்திலும் தூரிகையால் பசையைத் தடவ வேண்டும். தடவிய உடனே ஒட்டக் கூடாது. பளபளப்பு போய் மங்கும்வரை காத்திருந்து, சூடு காட்டி, அதன்பிறகுதான் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் ஒரே மழையில் வாயைப் பிளந்துவிடும். அந்தக் காத்திருக்கும் நேரத்தில்தான் பசையிலிருந்து ஆவி கிளம்பும். தலைக்கு மேல் விசிறி இருந்தது, முகத்தில் துணி இருந்தது. ஆனாலும் வீடு திரும்பும்போது முடியில், நகக்கண்ணில், கழுத்து மடிப்பில் அந்த வாடை கூடவே வந்தது. பக்கத்து மேசைக்காரி ஒருநாள் போகிறபோக்கில் சொன்னாள்: "இந்த நாத்தம் புள்ளைங்களுக்கு ஆகாதாம்பா. நரம்பைத் தொட்டுடுமாம்." எந்த நரம்பு என்று இவள் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அதனால் குளித்தாள். வந்ததும் ஒரு குளியல், சாப்பிட்ட பிறகு இன்னொன்று. விரல் நுனி எரியும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தொழிற்சாலை உடுப்பை வாசலிலேயே கழற்றி வாளியில் அமுக்கினாள். அப்படியும் வாத்து அழுதது. புட்டிப் பால் பிற்பகலில் அவள் வந்த பிறகுதான். புட்டியை அதுவே கேட்டு வாங்கும். இரண்டு மடக்கு உறிஞ்சிவிட்டு, யாரோ கிள்ளியதுபோல் வீசியெறிந்துவிட்டுக் கத்தும். பாலை மாற்றினாள். புட்டியின் ரப்பரை மாற்றினாள். இரவில் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். வேலை முடிந்து வந்த கணவர் அதைப் பார்த்துவிட்டு, "பல்லு முளைக்குது, அவ்வளவுதான். நீ செல்லம் குடுத்தே கெடுக்கிற. பகல்ல நான் நெஞ்சுல மாட்டிக்கிற தூக்குப் பையில எப்படித் தூங்குது தெரியுமா? நான் துணி துவைக்கிறேன், பெருக்குறேன், அது பாட்டுக்குத் தூங்குது" என்றார். அது உண்மைதான். சளி பிடித்து மூக்கு ஒழுகிய வாரத்தில் பழகியது. அதன்பிறகு பையை விட்டு இறங்காமல் அவர் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டே காலையைக் கழித்தது குழந்தை.

இன்றைக்குத்தான் பயம் வேறு உருவம் எடுத்தது. வாத்து தரையில் உட்கார்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவள் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. அவளே திடுக்கிட்டாள். குழந்தை திரும்பவில்லை.

"வாத்து."

திரும்பவில்லை.

"வாத்தும்மா, இங்க பாரு." குரலை உயர்த்தினாள். பிறகு முன்னால் போய் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் குழந்தை கையைத் தூக்கிச் சிரித்தது, இப்போதுதான் அவள் அறைக்குள் வந்ததுபோல. அவளுக்கு எந்த நரம்பு என்று கேட்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. குனிந்து கரண்டியை எடுக்கக்கூடக் கை வரவில்லை.

அந்த நேரத்தில்தான் மாடி அக்கா வந்தாள். மேல் வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருப்பவள். ஊசி வாங்கப் போனாலும் நாலு யோசனை கொடுத்து அனுப்புவாள்.

"ஏம்மா, தெனம் இந்த நேரத்துக்குச் சங்கு ஊதுற மாதிரி ஊதுதே உன் பொண்ணு. இன்னைக்கு இன்னும் ஆரம்பிக்கலையேன்னு பாக்க வந்தேன்" என்றவள், இவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "என்ன ஆச்சு?"

"காது கேக்கல போலக்கா."

மாடி அக்கா குழந்தையின் தாடையைப் பிடித்துப் பார்த்தாள். அது காதோரத்து முடியை இழுத்துக்கொண்டிருந்தது. "காதைப் புடிச்சு இழுக்குது பாரு. அழுக்கு அடைச்சிருக்கும். எண்ணெய வெதுவெதுன்னு காய்ச்சி ரெண்டு சொட்டு விடு, ஊறி வந்துடும். என் பையனுக்கு அப்படித்தான் விட்டேன்."

செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே என்று இருந்தது அவளுக்கு. கரண்டியில் எண்ணெயை எடுத்து அடுப்பில் காட்டினாள். புறங்கையில் தொட்டுச் சூடு பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து, காது மேலே வரும்படி குழந்தையை மடியில் சாய்த்தாள்.

வாத்து அலறியது.

எண்ணெய் இன்னும் கரண்டியில்தான் இருந்தது. ஒரு சொட்டும் விழவில்லை. அவள் கையும் காதைத் தொடவில்லை.

கரண்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டாள். விசும்பல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. தயங்கித் தயங்கி மறுபடியும் சாய்த்தாள். அலறல். தூக்கினாள். அடங்கியது.

"என்னடி பண்ற, புள்ளைய ஊஞ்சலாட்டுற?"

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆணியில் தொங்கிய கணவரின் சட்டையை எடுத்து மேலே மாட்டிக்கொண்டாள். சிகரெட்டும் வியர்வையுமாக அவருடைய வாடை. காலை முழுக்கக் குழந்தை முகம் புதைத்துக்கிடந்த சட்டை. அதோடு சாய்த்தாள். அலறல். "அக்கா, நீங்க ஒருதரம் படுக்க வைங்களேன்" என்று நீட்டினாள். மாடி அக்கா ஒன்றும் புரியாமல் வாங்கி, தன் மடியில் கிடத்தினாள். பசையே தொடாத, நூலும் பவுடரும் மணக்கும் மடி. அங்கேயும் அதே அலறல்.

அப்படியென்றால் தான் காரணம் இல்லை. படுக்கைதான் காரணம். காலை முழுக்கக் குழந்தை அவர் நெஞ்சுப் பையில் நிமிர்ந்தபடி இருந்தது. பிற்பகலில் அதைப் படுக்கவைத்தது அவள் மட்டும்தான்.

இந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. படுத்தால் வலிக்கிறது என்றால், உள்ளே ஏதோ இருக்கிறது. அவள் தியேட்டருக்குப் போன் செய்தாள். "படம் ஓடிட்டு இருக்கும்மா, எப்படி வர்றது" என்று தொடங்கியவர், பின்னால் கேட்ட அலறலோடு அவள் சொன்னதையும் சேர்த்துக் கேட்டார். கரண்டி விழுந்தும் திரும்பவில்லை என்று அவள் சொன்னதும், எதிர்முனையில் அவர் வேறொருவரை வாசலுக்குக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, "நேரா டாக்டர்கிட்ட போ, வந்துடுறேன்" என்றார்.

டாக்டரம்மா குழந்தையை அம்மாவின் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தே பார்த்தார். நுனியில் விளக்கு வைத்த சின்னக் கருவியால் ஒரு காது, பிறகு இன்னொரு காது. இரண்டாவதைப் பார்த்த பிறகு மறுபடியும் முதல் காதுக்கு வந்தார். அந்தத் திரும்பி வருதல் அவளுக்குப் பிடிக்கவில்லை. கணவர் இன்னும் தியேட்டர் உடுப்பிலேயே, கிழித்த டிக்கெட் துண்டு ஒன்று காலரில் ஒட்டியிருக்க, கதவோரம் நின்றார்.

"ரெண்டு காதுலயும் இன்ஃபெக்ஷன். செவிப்பறைக்குப் பின்னாடி சீழ் கோத்து, பறை வெளிய பிதுங்கி நிக்குது."

காது என்பது வெளியிலிருந்து மட்டும் திறந்த அறை அல்ல. செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை இருக்கிறது. அதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் இறங்குகிறது. நாம் விழுங்கும்போதெல்லாம் அது திறந்து மூடி அறைக்குள் காற்றை மாற்றுகிறது. பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறையப் படுக்கையாக இருக்கும். சளி பிடித்துக் குழாயின் வாய் வீங்கினால் காற்று போக வழியில்லை. உள்ளே நீர் கோக்கும். கிருமி அங்கே குடியேறும். டாக்டரம்மா இதைத் தன் ஆள்காட்டி விரலைச் சரித்தும் படுக்கவைத்தும் காட்டினார்.

"படுத்தா அங்க அழுத்தம் கூடும். நிமிந்து இருந்தா கொஞ்சம் தேவல. பால் உறிஞ்சும்போது அழுத்தம் மாறுது பாருங்க, அப்பவும் சுருக்குன்னு வலிக்கும்."

"காது..." என்று ஆரம்பித்தாள்.

"உள்ள நீர் நிக்கும்போது மந்தமாத்தான் கேக்கும், தண்ணிக்குள்ள முங்கின மாதிரி. முக்கால்வாசிக் குழந்தைகளுக்கு நீர் வத்தினதும் சரியாயிடும். வாரக்கணக்குல ஆகலாம். திரும்பக் கூட்டிட்டு வாங்க, கண்டிப்பா பாக்கணும்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டாள். "நான் பசைல வேலை பாக்கறேன் டாக்டர். அந்த நாத்தத்தாலயா?"

கணவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவருக்கு இது புதிது.

"இல்லம்மா. சளியிலேருந்து வந்தது இது. வேலை உடுப்ப மாத்திட்டுத் தூக்குறது நல்லதுதான். ஆனா இது உங்க பசையால இல்ல." டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "வீட்டுல யாராவது சிகரெட் புடிப்பீங்களா? அந்தப் புகைக்கும் காதுக்கும் சம்பந்தம் இருக்கு. அடிக்கடி வரும்" என்றார்.

"பால்கனியிலதான் டாக்டர். கதவைச் சாத்திட்டு."

"பால்கனிக்குக் கதவு இருக்கு. சட்டைக்கு இருக்கா?"

அவர் தன் காலணிகளை உற்றுப் பார்த்தார். மனைவி மேல் அவருடைய சட்டை இன்னும் இருந்ததை அப்போதுதான் மூவரும் கவனித்தார்கள்.

"எண்ணெய் ஏதும் விட்டீங்களா?"

"விடப் போனேன். விடல."

"நல்லதாப் போச்சு. காதுக்குள்ள எதுவும் போடாதீங்க. பறை கிழிஞ்சிருந்தா உள்ள போயிடும். எல்லாக் காது வலிக்கும் ஆன்டிபயாடிக் வேணும்னு இல்ல, சிலருக்கு ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம். இது சின்னப் புள்ள, ரெண்டு காதும் வேற, அதனால இப்பவே ஆரம்பிக்கணும். அழுகை நின்னுடுச்சு, சிரிக்குதுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. வலிக்குத் தனி மருந்து, அதோட எடைக்குத் தகுந்த அளவு எழுதியிருக்கேன். காதுக்குப் பின்னாடி வீங்கினா, குழந்தை துவண்டு போனா, யோசிக்காம தூக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு நடக்கும்போது அவர் குழந்தையை நெஞ்சோடு பிடிக்கக் கை நீட்டினார். நீட்டிய கையைத் தானே மடக்கிக்கொண்டார். "நீயே வச்சுக்க. நான் குளிச்சுட்டு வாங்கிக்கிறேன்." கொஞ்ச தூரம் போனபிறகு, "நாலு நாளா கைய அப்படித் தேச்சியே, இதுக்காகவா?" என்றார். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். விரல் நுனிகள் சிவந்திருந்ததை அவரே பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் வாசலில் குழந்தை கை மாறியது. அவர் துவைத்த சட்டை போட்டிருந்தார். இன்டர்வெல் நகைச்சுவையைச் சொல்லவில்லை. "காலையில ஆன்டிபயாடிக் குடுத்துட்டேன். வலி மருந்து நீ குடுக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பாதிப் படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அவள் உடுப்பை மாற்றினாள். கையை ஒரே ஒருமுறை கழுவினாள். மருந்தை அளந்து கொடுத்துவிட்டு, படுக்கவைக்காமல், பாலும் கொடுக்காமல், சும்மா தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பூசியதும் ஒட்டக் கூடாது என்பது அவள் கைகளுக்குத் தெரியும். பளபளப்பு மங்குவதுபோல் குழந்தையின் நெற்றிச் சுளிப்பு மெல்ல மறைந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சின் மேல் நிமிர்த்திச் சாய்த்துப் புட்டியைக் கொடுத்தாள். இரண்டு மடக்கு. அவள் தோள் இறுகியது. மூன்றாவது மடக்கு. வாத்து புட்டியை வீசவில்லை.

குடித்து முடித்து அவள் கழுத்து மடிப்பில், பசை வாடை எப்போதும் கடைசியாக விட்டுப்போகும் அந்த இடத்தில், முகத்தைப் புதைத்துக்கொண்டது. மேலே மாடி அக்காவின் தையல் இயந்திரம் ஓடி நின்றது. "வாத்து" என்று காதருகில் மெல்லக் கூப்பிட்டாள். அசைவு இல்லை. தூக்கமா, கேட்கவில்லையா, தெரியவில்லை. இன்னும் வாரங்கள் இருந்தன. இன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: முதலில் வலி மருந்து. பிறகு அரை மணி நேரம். பிறகு பால், தலை மேலே இருக்கும்படி நெஞ்சோடு நிமிர்த்தி, தூக்கமும் அப்படியே.