இருபத்தேழு லிட்டர்

தெருவுக்கு இரண்டு மதுக்கடை இருக்கும் ஊரில், பீரை வீட்டிலேயே காய்ச்சுகிறார் என் கணவர் மரிய அருண். கடை பீரில் உயிர் இல்லையாம். எனக்கு இது ஐந்தாம் மாதம். என் வயிற்றில் இருக்கும் உயிரைப் பற்றி அவர் இவ்வளவு அக்கறையாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிறு காலை நெல்லித்தோப்புக் கோயிலில் பூசை முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்பில் பெரிய குண்டானை ஏற்றினார். அடுத்த மாதம் பிரான்சிலிருந்து பெரியப்பா மகன் ஜூலியன் வருகிறாராம். அவர் அசந்துபோக வேண்டுமாம்.

என் கவலை வேறு. வெள்ளிக்கிழமைதான் டாக்டர் யூரின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திட்டினார். “ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி உள்ள போகணும். இல்லன்னா காய்ச்சல் வந்து குழந்தைக்கு ஆபத்தாயிடும். உங்க ஏரியா குழாய்த் தண்ணி வேணாம்மா, கேன் தண்ணி குடிங்க.”

வீட்டில் இருபது லிட்டர் கேன் ஒன்று முழுதாகவும், இன்னொன்றில் ஆறு லிட்டர் போலவும் இருந்தது. கேன் போடும் அன்பழகன் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார், போனும் எடுக்கமாட்டார். வாந்தி எடுத்துத் துவண்ட உடம்போடு மூன்று மாடி இறங்கிக் கடைக்குப் போக என்னால் முடியாது.

“பதினெட்டு லிட்டர் பீருக்கு இருபத்தேழு லிட்டர் தண்ணி வேணும் ஆஷ்லின். தானியமே அஞ்சு லிட்டரக் குடிச்சிடும். கொதிக்கிறப்ப நாலு ஆவியாப் போயிடும்” என்றார் அருண். தானியம் எவ்வளவு குடிக்கும் என்பது விரல் நுனியில் இருக்கிறது மனுஷனுக்கு.

மால்ட் என்று அவர் சொல்லும், முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லியை ஒரு வெள்ளைத் துணிப்பையில் கட்டிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டார். பையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. என் தலையணை உறை!

ஒரு மணி நேரம் ஊறியது. மாட்டுத்தொட்டியில் புண்ணாக்கு ஊறுகிற வாடை வீடு முழுக்க. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அவர் பையைத் தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று முழங்கை வரை வழிந்ததை நக்கிப் பார்த்துவிட்டு, ஒரு டம்ளரில் பிடித்து என்னிடம் நீட்டினார்.

“குடிச்சுப் பாரேன். இதுவும் பார்லித் தண்ணிதான். நீர்க்கடுப்புக்கு நல்லது.”

சீ! மூன்றாவது முறையாகக் குளியலறைக்கு ஓடினேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது இரண்டு கேன்களும் காலி. என் கட்டிலோரம் நிரப்பி வைத்திருந்த பாட்டிலைக் குண்டானில் கவிழ்த்து, கடைசிச் சொட்டை உதறிக்கொண்டிருந்தார்.

“அது என் தண்ணிங்க.”

“ஒரு லிட்டர் கொறஞ்சிடுச்சு. குழாய்த் தண்ணி ஊத்துனா மொத்தமும் கெட்டுடும்.”

“அப்ப நான் எதக் குடிக்கிறது?”

“இன்னைக்கு ஒரு நாள் குழாய்த் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிச்சுக்கோயேன். நான் அடுப்ப விட்டு நகர முடியாது, பொங்கி வழிஞ்சிடும்.”

மால்ட் வாடையால்தான் குமட்டுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. இந்த மனிதரைப் பார்த்துத்தான் குமட்டியது.

ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து நீட்டினேன்.

“குடிங்க.”

“எதுக்கு?”

“குடிங்க சொல்றேன்.”

சிரித்தபடி ஒரு வாய் வைத்தார். முகம் கோணிப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினார். வாய் கொப்பளிக்க நல்ல தண்ணீர் தேடி ஒரு கேனைத் தூக்கிப் பார்த்தார், பிறகு இன்னொன்றை. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

நான் அதற்குள் கருவடிக்குப்பத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டிருந்தேன்.

“ஆட்டோ எடுத்துட்டு வாம்மா, நான் அங்க வந்துடறேன். வர்றப்ப ஒரு பாட்டில் தண்ணி கொண்டா.”